கட்டிலைக் கொடுத்தவளின் பெயர்

2012இல் நான் கொழும்பு புறக்கோட்டை மெனிங் சந்தையில், மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் கடையொன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி, செய்வதற்குத் தொழில் எதுவும் இல்லாமல் இருந்த நாட்களில் தெரிந்த ஒருவர் எடுத்துத் தந்த வேலை அது. விடியப்புறம் நுவரெலியா லொறிகள் சாமான் இறக்கிப் போன பிறகு சந்தை கொஞ்சம் ஓயும். அந்த நேரம் பார்த்து வெள்ளை உடுப்போடு இரண்டு கன்னியாஸ்திரிகள் வருவார்கள். ஒருவர் வயதானவர், மற்றவர் இளையவர். விலை கேட்கமாட்டார்கள். வாசலில் நின்று சிரிப்பார்கள், அவ்வளவுதான். "தம்பி, மதர்மாருக்குக் கரட்டும் கோவாவும் போடுங்க" என்பார் முதலாளி. அவர் ஒரு முஸ்லிம். பக்கத்துக் கடைக்காரர் சிங்களவர், அவரும் ஒரு பை கட்டி வைத்திருப்பார்.

முதல் நாள் நான், "இதை எந்தக் கணக்கில எழுதுறது?" என்று கேட்டேன்.

"அத எழுத வேணாம் தம்பி."

எனக்கு அது புதினமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் கன்னியாஸ்திரி என்றால் பள்ளிக்கூடம்தான் ஞாபகத்துக்கு வரும். அதிபர், ஆசிரியை, கண்டிப்பு, சுத்தமான விறாந்தை. சாக்கோடு சந்தையில் வந்து நின்று கேட்கிற கன்னியாஸ்திரியை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் சைவக்காரன். கத்தோலிக்க சபைகளின் பெயர்களும் வேறுபாடுகளும் எனக்குத் தெரியாது. இவர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவே எனக்குப் பல மாதங்கள் எடுத்தன. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். அப்படி வாசித்ததில் ஒரு விடயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அது எங்கள் வீட்டோடு சம்பந்தப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இவர்களின் சபைக்குப் பெயர் ஏழைகளின் சிறிய சகோதரிகள். பிரான்சில் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே கொழும்புக்கும் வந்துவிட்டார்கள். இன்று சுமார் 30 நாடுகளில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் நடத்துவதில்லை, பெரிய வைத்தியசாலைகள் கட்டுவதில்லை. அவர்களுக்கு ஒரே ஒரு வேலை. வயதுபோன, கையில் காசில்லாத ஆட்களைச் சமயம் பார்க்காமல் சேர்த்து, சாகும்வரை வைத்துப் பராமரிப்பது. மற்றக் கன்னியாஸ்திரிகள் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிவு என்று மூன்று வாக்குக் கொடுப்பார்கள். இவர்கள் நாலாவதாக விருந்தோம்பல் என்றும் ஒரு வாக்குக் கொடுக்கிறார்கள். வருகிற முதியவர் அங்கே நோயாளியும் இல்லை, கைதியும் இல்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளி. அவருடைய கடைசி நேரத்தில் யாராவது ஒரு சகோதரி கட்டிலருகே கதிரையைப் போட்டு இருந்தே ஆகவேண்டும். தனியே சாக விடுவதில்லை.

இதைத் தொடங்கியவரின் பெயர் ஜான் ஜுகான். ஜான் என்றதும் ஆண் என்று நினைக்கவேண்டாம், பிரெஞ்சில் அது பெண்ணின் பெயர்தான். 1792 ஒக்டோபர் 25ஆம் திகதி, பிரான்சின் வடமேற்குக் கரையில், பிரித்தானி மாகாணத்தின் கன்கால் என்ற மீன்பிடி ஊரில் பிறந்தார். நாட்டில் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். கோவில்கள் பூட்டப்பட்டன, குருமார் ஒளித்துத் திரிந்தார்கள், சனம் பகலில் வாய்திறக்கப் பயந்தது. ஜானுக்கு நாலு வயது ஆகமுன்பே தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. தாய் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இருப்பவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உடல் வராத சாவு என்றால் என்ன, வள்ளம் திரும்பாத வீட்டில் அடுத்தநாள் எப்படி விடியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சின்ன வயதில் மாடு மேய்த்தார், நூல் நூற்றார். பதினைந்து பதினாறு வயதில் ஒரு பணக்கார வீட்டில் குசினி வேலைக்குப் போனார். கலியாணம் கேட்டு வந்த ஒரு மாலுமியை வேண்டாம் என்றார். 1817இல் சென்-செர்வான் என்ற பக்கத்துத் துறைமுக நகரத்துக்குப் போய் வைத்தியசாலையில் வேலை செய்தார். பிறகு பன்னிரண்டு வருடம் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் வேலைக்காரி. அந்த அம்மா செத்த பிறகு வேறொரு வயதான பெண்ணோடு சேர்ந்து இரண்டு சின்ன அறைகளும் மேலே ஒரு பரணும் கொண்ட வீட்டை வாடகைக்கு எடுத்து, உடுப்புத் தோய்த்தும் தைத்தும் சீவித்தார். வாசிக்கிற எவரும் இந்த இடத்தில், இவரைப் பற்றி இனி எழுத எதுவும் இல்லை என்றுதான் நினைப்பார்கள். அப்போது அவருக்கு 47 வயது.

1839ஆம் ஆண்டுக் குளிர்காலம். அந்த நகரத்தில் கடலில் புருசனைப் பறிகொடுத்த கிழவிகள் தெருத்தெருவாகப் பிச்சை எடுத்துத் திரிந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆன் சோவான். கண் தெரியாது, உடம்பின் பாதி வழங்காது. பார்த்துவந்த சகோதரி படுத்த படுக்கையானதும் பார்க்க வேறு ஆளில்லாமல் போயிற்று. ஜான் அவரைத் தூக்கிவந்து படிகளில் ஏற்றித் தன்னுடைய கட்டிலில் கிடத்தினார். தான் பரணில் ஏறிப் படுத்துக்கொண்டார். சபை தொடங்கிய கதை இவ்வளவுதான். கூட்டமும் இல்லை, திட்டமும் இல்லை. ஒரு கட்டில் கைமாறியது.

பிறகு இரண்டாவது கிழவி வந்தார். இசபெல் என்று பெயர். தன் எசமானர்கள் நொடித்துப்போன பிறகும் சம்பளமில்லாமல் அவர்களுக்கு வேலை செய்து, கடைசியில் அவர்களுக்காகப் பிச்சையும் எடுத்த வேலைக்காரி. எசமானர்கள் செத்ததும் அவருக்கு யாருமில்லை. 1841இல் வீடு போதாமல் ஒரு பழைய குடிசாலையை வாடகைக்கு எடுத்தார்கள். அதில் பன்னிரண்டு பேர். அடுத்த வருடம் கைவிடப்பட்ட பழைய கன்னியர் மடம் ஒன்றையே வாங்கவேண்டி வந்தது.

இவ்வளவு பேருக்கும் சாப்பாடு எங்கேயிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தக் கிழவிகள் ஒவ்வொருவருக்கும் வழக்கமாகப் பிச்சை போடும் வீடுகள் இருந்தன. இன்ன வீட்டில் பாண் துண்டு, இன்ன வீட்டில் கிழமைக்கு ஒரு நாள் மிச்சச் சாப்பாடு. ஜான் அவர்களிடம் அந்த வீடுகளின் விபரத்தைக் கேட்டு வாங்கினார். இனி நீங்கள் போகவேண்டாம், உங்களுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு அதே கதவுகளைத் தட்டினார். பிச்சையை அவர் ஒழிக்கவில்லை. அதன் வெட்கத்தைக் கிழவிகளிடமிருந்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அப்படிக் கேட்டுப் போகப் பழக்கியதும் முதல் கூடையைக் கொடுத்ததும் புனித யோவானின் பெயரில் அமைந்த ஒரு துறவற சபையின் சகோதரர்கள். அவர்களும் நோயாளிகளுக்காக இப்படித் தண்டித் திரிந்தவர்கள்தான்.

ஒரு கதை சொல்வார்கள். ஒரு கிழவன் எரிச்சலில் ஜானுக்கு அறைந்துவிட்டானாம். இது எனக்கு, சரி, இனி என்னுடைய ஏழைகளுக்கு ஏதாவது தாருங்கள் என்றாராம் அவர். இப்படியான கதைகள் புனிதர்கள் எல்லோரைப் பற்றியும் உண்டு. நடந்ததோ இல்லையோ, கூடையோடு திரிந்தவரின் சொல்லாகத்தான் எனக்குப் படுகிறது.

எங்களுக்கும் இது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் கோவிலுக்கோ சங்கத்துக்கோ கொடுத்த பிடியரிசி வழக்கம் இருந்தது. என்ன வித்தியாசம் என்றால், சிறிய சகோதரிகள் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். சபை வளர்ந்ததும் பணக்காரர்கள் வருடா வருடம் வருமானம் வரும் சொத்துக்களைக் கொடுக்க முன்வந்தார்கள். 1865இல், நிலையான வருமானம் எதையும் ஏற்பதில்லை என்று சபை முடிவெடுத்தது. ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஜானிடமும் அப்போது கருத்துக் கேட்டார்கள், வேண்டாம் என்பதே அவருடைய பதிலும். இன்றுவரை அப்படித்தான். வங்கியில் வட்டி வரும் என்று இருந்தால் அந்த இரண்டு பேரும் மெனிங் சந்தைக்கு வந்திருக்கமாட்டார்கள். முதலாளிக்கும் கொடுப்பதற்கு ஆள் இருந்திராது. நிறுவனம் என்று பார்த்தால் இது பைத்தியக்காரத்தனம்தான். திட்ட அறிக்கையும் நிதி ஒதுக்கீடும் பார்த்துப் பழகிய எங்களுக்கு, அடுத்த கிழமைச் சாப்பாடு எங்கே என்று தெரியாமல் நூறு கிழவர்களை வைத்திருப்பது நெஞ்சு படபடக்கிற விடயம். ஆனாலும் 180 வருடத்துக்கு மேலாக நடக்கிறது.

ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஜான் என்று மேலே எழுதினேன். அதற்குத்தான் வருகிறேன்.

ஜானோடு இருந்த இளம் பெண்களுக்கு ஆன்ம ஆலோசகராக ஒகுஸ்ட் லு பையர் என்ற குருவானவர் இருந்தார். கெட்டிக்காரர், ஓடியாடி வேலை செய்பவர். 1842இல் பெண்கள் கூடி ஜானைத் தலைவியாகத் தெரிவுசெய்தார்கள். 1843 டிசம்பரில் மறுபடியும் தெரிவுசெய்தார்கள். இரண்டு கிழமையில் அந்தக் குருவானவர் தெரிவைச் செல்லாது என்று சொல்லி, தன் சொல்லைக் கேட்டு நடக்கும் மரி ஜமே என்ற 23 வயதுப் பெண்ணைத் தலைவியாக்கினார். ஜானுக்குக் கூடைதான் மிச்சம். அவர் ஒன்றும் சொல்லாமல் நகரம் நகரமாகப் போய்த் தண்டினார். புதிய வீடுகள் திறக்கப்பட்டன. காசு அவருடைய கால்நடையில் வந்தது, கட்டளை வேறு இடத்திலிருந்து வந்தது.

1852இல் அவரை ரென் நகரத் தலைமை மடத்துக்குக் கூப்பிட்டு, இனி வெளியே போகவேண்டாம் என்றார்கள். நாலு வருடம் கழித்து சென்-பேர்ன் என்ற கிராமத்தில் புதிதாக வாங்கிய பெரிய மடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே 23 வருடம். பொறுப்பு இல்லை, பதவி இல்லை. புதிதாகச் சேரும் பெண்களோடு இருந்தார், விறகு பொறுக்கினார், துணி தைத்தார். மரியாளின் பெயரில் அவருக்கு ஒரு துறவறப் பெயர் கொடுக்கப்பட்டது, ஜான் ஜுகான் என்ற பெயரும் மறைந்தது. லு பையர் தானே சபையை நிறுவியதாகவும், முதலில் சேர்ந்தவர்கள் வேறு இரண்டு பெண்கள் என்றும், ஜான் பிறகு வந்து சேர்ந்த மூன்றாவது ஆள் என்றும் கதை எழுதப்பட்டது. மடத்தில் அதுவே படிப்பிக்கப்பட்டது. கைத்தடியோடு, கண் மங்கித் தோட்டத்தில் நடந்த கிழவிதான் தங்கள் சபையைத் தொடங்கியவர் என்று அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்ட பெண்களுக்கே தெரியாது. 1879 ஓகஸ்ட் 29ஆம் திகதி அவர் இறந்தபோது சபையில் 2400 சகோதரிகள் இருந்தார்கள்.

என்னுடைய வேலையை என்னிடமிருந்து களவெடுத்தீர்கள், ஆனாலும் மனமுவந்து தருகிறேன் என்ற பொருளில் அவர் லு பையரிடம் ஒருதடவை சொன்னதாகப் பதிவு உண்டு. சமயப் புத்தகங்கள் இதைத் தாழ்ச்சி என்று போற்றுகின்றன. எனக்கு அந்த இடத்தில் உடன்பாடு வரவில்லை. அவர் மன்னித்தது அவருடைய பெருமை. ஆனால் மௌனத்தைப் புண்ணியம் என்று மற்றவர்களுக்குப் படிப்பிப்பது வேறு விடயம். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் பிள்ளைகளின் படத்தோடு தெருவோரம் இருந்த தாய்மாரைப் பார்த்த எவருக்கும், பேசாமல் இருப்பதே அழகு என்று சொல்ல வாய் வராது.

உண்மை எப்படி வெளியே வந்தது? மடத்துக்குள்ளிருந்து அல்ல. 1844இல், ஜான் இன்னும் கூடையோடு திரிந்த காலத்தில், சென்-செர்வான் நகரபிதாவும் ஊர்ப் பெரியவர்களும் கையெழுத்திட்டு, இந்தப் பெண் செய்கிற வேலை இதுதான் என்று பாரிசில் உள்ள பிரெஞ்சு அக்கடமிக்கு எழுதி அனுப்பினார்கள். நற்செயல் செய்யும் ஏழைகளுக்கு அக்கடமி ஒரு பரிசு கொடுப்பது வழக்கம். 1845 டிசம்பரில் ஜானுக்கு 3000 பிராங் கிடைத்தது. பரிசுரையும் அச்சாகியது. கட்டில் கொடுத்தது யார், பரணில் படுத்தது யார் என்பதெல்லாம் அதில் இருந்தது. சபையின் கதையை யார் எப்படி மாற்றி எழுதினாலும், அக்கடமியின் அலுமாரியில் இருந்த கடதாசியை மாற்ற முடியவில்லை. 1890இல் திருச்சபை மேலிடம் விசாரித்து லு பையரைப் பதவியிலிருந்து நீக்கி உரோமுக்கு அழைத்தது. 1893இல் மரி ஜமே சாகும் முன், நான் முதல் ஆளல்ல, ஜான்தான், எனக்கு அப்படி நடக்கச் சொன்னார்கள் என்று ஒப்புக்கொண்டார். 1902இல் வெளிவந்த சபை வரலாறு உண்மையை எழுதத் தொடங்கியது. 1982இல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2009 ஒக்டோபர் 11ஆம் திகதி புனிதர் பட்டமும் கொடுக்கப்பட்டன.

2009 ஒக்டோபரில் நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். எங்கள் கூடாரத்தில் சின்னாச்சியும் இருந்தா. அம்மம்மாவின் தங்கை, கலியாணம் கட்டாதவ, ஒரு கண் முற்றாகத் தெரியாது, மற்றக் கண்ணில் நிழல்தான் தெரியும். முழங்கால் மடங்காது.

2009 ஜனவரியில் தருமபுரத்திலிருந்து வெளிக்கிடும்போது சொந்தக்காரரின் உழவு இயந்திரப் பெட்டியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. பத்தொன்பது பேர், மூட்டைகள், ஒரு தையல் மெசின். சின்னாச்சிக்கு இடமில்லை. இடமில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. "நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்" என்று சின்னாச்சி தானே சொன்னா. கண் தெரியாத, நடக்க ஏலாத ஒரு கிழவி எப்படிப் பின்னால் வருவா என்று பெட்டியில் இருந்த எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. நான் இறங்கியிருந்தால் அவவுக்கு இடம் வந்திருக்கும்.

அவவைக் கொண்டுவந்தது அடுத்த கொட்டிலில் இருந்த ஒரு அக்கா. இடம்பெயர்ந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் தறப்பாள் கட்டி, அப்பம் சுட்டு விற்றவர். புருசன் இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள். சைக்கிள் கரியரில் தலையணையைக் கட்டி, சின்னாச்சியை இருத்தி, மூத்த பிள்ளையைப் பின்னுக்குப் பிடிக்கச் சொல்லி, சின்னதைத் தோளில் போட்டு உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார். மூன்று கிழமைக்குப் பிறகு மாத்தளனில் எங்களைத் தேடிக் கண்டுபிடித்தார். சின்னாச்சியின் பன் பையும், அதற்குள் பென்சன் புத்தகமும்கூடக் குறையாமல் இருந்தன. அம்மா அழுதா. அப்பா அக்காவுக்கு ஒரு கிலோ அரிசி கொடுத்தார். ஏப்ரலில் எல்லோரும் கடந்துவந்த அந்த நாளில் அவரும் பிள்ளைகளும் எங்களோடுதான் தண்ணீருக்குள் இறங்கினார்கள். மறுகரையில் நாங்கள் அவர்களைக் காணவில்லை.

முகாமில் சின்னாச்சியின் பெயர் எங்கள் குடும்ப அட்டையில் பதியப்பட்டது. அப்பாவின் பெயருக்குக் கீழே. கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் சொந்தக்காரர் தொலைபேசி எடுத்து, "அவ்வளவு குண்டுக்குள்ளயும் சின்னாச்சியைக் கைவிடாமல் கொண்டுவந்திட்டியளே" என்று அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 2011இல் சின்னாச்சி மோசம் போனபோது முப்பத்தொராம் நாளுக்குக் கல்வெட்டு அடித்தோம். வீட்டில் எழுதக்கூடியவன் நான். போரின் கொடிய நாட்களிலும் பெறாமக்கள் தம் தோளில் சுமந்து காத்தனர் என்று எழுதினேன். நூற்றைம்பது பிரதி. அந்த வசனம் நன்றாக வந்திருக்கிறது என்று அப்போது எனக்குள் நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு வருடம் கழித்து மெனிங் சந்தை. அதற்குப் பிறகு ஜான் ஜுகானின் கதை. லு பையர் மேல் எனக்கு வந்த கோபம் அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. அந்தக் கல்வெட்டு ஒன்று என்னுடைய சூட்கேசில்தான் இருந்தது.

ஜானுக்கு ஒரு நகரபிதா இருந்தார், அக்கடமி இருந்தது, அச்சான உரை இருந்தது. அந்த அக்காவுக்கு நான் எழுதிய பொய்தான் இருக்கிறது. அதனால் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். அவரை நாங்கள் அப்பக்கார அக்கா என்றுதான் கூப்பிட்டோம், பெயர் கேட்கவில்லை. 2009இல் முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். மன்னார்ப் பக்கம் என்று ஒருமுறை சொன்னார், பேச்சிலும் அது தெரிந்தது. மூத்தது பெண் பிள்ளை, எட்டு வயது மதிக்கலாம். சின்னவன் நாலு. சைக்கிள் ஒரு பச்சை நிற லுமாலா, முன் மட்காட் இல்லை. 2008 டிசம்பரில் தருமபுரத்தில், பிரதான வீதியிலிருந்து கிழக்கே இறங்கும் மண் ஒழுங்கையில், பாலை மரத்தடியில் அடுப்பு வைத்து அப்பம் சுட்டவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், இந்தத் தளத்தின் ஆசிரியருக்கு எழுதுங்கள். சின்னாச்சிக்கு அடுத்த திவசத்துக்கு ஒரு பக்கம் திருத்தி அடிக்கவேண்டும், அதற்கு எனக்கு அவருடைய பெயர் வேண்டும்.